பழகிய முகம், பழகாத முகம்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று மேல்மலை ஊர்களைத் தாண்டிப் போகும் சாலை கிளாவரையில் முடிகிறது. அதற்கப்பால் காடு. காட்டைக் கடந்தால் கேரளத்தின் கோவிலூரும் வட்டவடையும். பூண்டு, உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ் விளையும் படிப்படியான வயல்கள் மலைச்சரிவெங்கும் இறங்குகின்றன. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டின் நாடு இது. வழியில் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அந்தப் புல்வெளியில் மேயும் ஆடுகள் வேடிக்கை பார்க்க வருகிறவருக்கு அத்தனையும் ஒரே முகம். தினமும் ஓட்டிப்போகிறவருக்கோ ஒவ்வொன்றும் வேறு. எது நேற்றிலிருந்து சரியாக மேயவில்லை என்றுகூடச் சொல்லிவிடுவார். ஒரே கண், ஒரே மூளை; பார்வை மட்டும் இவ்வளவு வேறுபடுவது எப்படி? முகத்தைப் படிக்கும் மூளையைப் பற்றிக் கடந்த நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சி முழுவதும் ஏதோ ஒரு வகையில் இந்தக் கேள்வியைத்தான் சுற்றிவருகிறது.

அந்த ஆராய்ச்சியில் செம்மறியாட்டுக்கும் பெரிய பங்குண்டு. 1987-இல் கேம்பிரிட்ஜுக்கு அருகே பாப்ரகாம் ஆய்வகத்தில் கீத் கெண்ட்ரிக்கும் பால்ட்வினும், முகங்களைக் கண்டால் மட்டும் விறுவிறுப்பாகும் நரம்பணுக்களை ஆட்டின் மூளையில் கண்டார்கள். சில அணுக்கள் கொம்புள்ள முகத்துக்கு, சில பழகிய மந்தையின் முகத்துக்கு, இன்னும் சில மனிதன், நாய் போன்ற அச்சம் தரும் முகங்களுக்கு. 2001-இல் கெண்ட்ரிக் குழு அடுத்த முடிவை வெளியிட்டது: ஐம்பது ஆடுகளின் முகங்களை ஓர் ஆடு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மறப்பதில்லை. 2016-இல் கேம்பிரிட்ஜில் இன்னொரு குழு, குளம்பழுகல் நோய் கண்ட ஆடுகளின் கண்சுருக்கம், காதின் நிலை, கன்னம், மூக்கு, உதடு ஆகியவற்றை வைத்து வலியை அளக்கும் ஒரு முறையை உருவாக்கியது. மேய்ப்பவர்கள் எப்போதும் பார்த்துவந்ததுதான். இப்போது அதற்கு அளவுகோல் வந்திருக்கிறது. உணர்வு நுண்ணறிவு என்று இன்று பேசப்படுவதன் முதல் படி, எதிரே உள்ள முகத்தில் என்ன நடக்கிறது என்று கவனிப்பது. அந்தப் படி மனிதருக்கு மட்டும் உரியது என்று இனிச் சொல்ல முடியாது.

மனிதக் குழந்தை இந்தக் கவனத்தோடுதான் பிறக்கிறது. இரு கண்ணும் வாயும் போலப் புள்ளியிட்ட அட்டையை, பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத சிசு மற்ற அட்டைகளைவிட அதிகத் தூரம் கண்ணால் தொடர்கிறது என்று மார்க் ஜான்சன், ஜான் மார்ட்டன் குழு 1991-இல் காட்டியது. ஆனால் பிறவியில் வந்தது ஒரு நாட்டம் மட்டுமே. மற்றதெல்லாம் பழக்கம். ஆறு மாதக் குழந்தைகள் குரங்கு முகங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிந்தன. ஒன்பது மாதக் குழந்தைகளால், பெரியவர்களைப் போலவே, அது முடியவில்லை. 2002-இல் ஒலிவியே பாஸ்காலிஸ் குழு கண்டது இது. எந்த முகங்களோடு வாழப்போகிறோமோ அவற்றுக்காகக் கூர்மையடையும் மூளை, மற்ற முகங்களை விட்டுவிடுகிறது.

அம்மாவின் முகம் அந்த வயதில் என்ன செய்கிறது என்பதற்கு 1985-இல் வெளிவந்த ஒரு சோதனையை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கனத்த கண்ணாடித் தளம்; பாதிக்கு மேல் அடியில் ஓர் அடி ஆழப் பள்ளம்போலத் தெரியும். ஒரு வயதுக் குழந்தை தவழ்ந்து வந்து விளிம்பில் நிற்கிறது, மறுபக்கம் நிற்கும் தாயை நிமிர்ந்து பார்க்கிறது. மகிழ்ந்த முகம் கண்ட 19 குழந்தைகளில் 14 கடந்து போயின. அஞ்சிய முகம் கண்ட 17 குழந்தைகளில் ஒன்றுகூடக் கடக்கவில்லை. கிளாவரை போன்ற ஊரில், வயலுக்கு வயல் ஆளுயரம் இறங்கும் சரிவில், வரப்போரம் வந்து நிற்கும் பிள்ளை ஒரு கணம் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் வியப்பைத் தராது. நாம் பிறர் முகத்தைப் படிக்கத் தொடங்குவது அவர் மனத்துக்குள் எட்டிப் பார்ப்பதற்காக அன்று. உலகில் எங்கே கால் வைக்கலாம் என்று தெரிந்துகொள்வதற்காகவே.

மூளைக்குள் இது நடக்கும் இடங்கள் ஓரளவு தெளிவாகிவிட்டன. ஒரு முகம் கண்ணில் பட்டு ஏறத்தாழ 170 மில்லி விநாடியில், அதாவது ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்குக்குள், தலையின் பின்பக்கவாட்டில் ஒரு மின் அலை எழுகிறது. வேறு பொருட்களுக்கு அது இவ்வளவு வலுவாக எழுவதில்லை. மூளையின் அடிப்பரப்பில், குறிப்பாக வலப்பக்கம், ஃபியூசிஃபார்ம் என்னும் மடிப்பில் முகத்துக்கென்றே தனித்துச் செயல்படும் பகுதியை நான்சி கன்விஷர் குழு 1997-இல் அடையாளம் கண்டது. இவர் யார் என்பதை அது கவனிக்க, கண் எங்கே திரும்புகிறது, உதடு எப்படி அசைகிறது என்ற மாறும் விவரங்களைப் பொட்டுப் பக்கத்து மடலின் மேல்வரிப்பள்ளம் கவனிக்கிறது. 2000-இல் ஜேம்ஸ் ஹேக்ஸ்பி குழு முன்வைத்த இந்த இருவழிப் பிரிவினை பின்னால் பலவாறு திருத்தப்பட்டிருந்தாலும் அடிப்படைச் சட்டகமாக இன்றும் பயன்படுகிறது.

இந்தப் பகுதிகள் தத்தம் வேலையைச் சரியாகச் செய்தாலும், அவற்றுக்கிடையே உள்ள தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதை நமக்கு விளக்கியவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் அவரும் வில்லியம் ஹிர்ஸ்டைனும் 1997-இல் எழுதிய ஆய்வில் வரும் இளைஞர், விபத்தில் தலையில் அடிபட்டுப் பல நாள் நினைவிழந்து கிடந்து மீண்டவர். பேச்சு தெளிவு, நினைவு தெளிவு. ஆனால் பெற்றோரைப் பார்த்து, இவர்கள் என் அப்பா அம்மா மாதிரியே இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் இல்லை, யாரோ வேடமிட்டு வந்திருக்கிறார்கள் என்றார். கேப்கிராஸ் கோளாறு என்று இதற்குப் பெயர். ஆச்சரியம் என்னவென்றால் அதே பெற்றோரிடம் தொலைபேசியில் பேசும்போது அவருக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. நெருங்கியவர் முகத்தைப் பார்த்தால் நமக்கெல்லாம் உள்ளங்கையில் நாம் உணராத அளவுக்கு வியர்வை அரும்பும். தோலின் மின்கடத்தலை அளந்தால் அது தெரியும். இவருக்குப் பெற்றோர் முகமும் அந்நியர் முகமும் ஒரே அளவைக் காட்டின. முகத்தை அறியும் பகுதியிலிருந்து உணர்ச்சியைக் கிளர்த்தும் பகுதிக்குப் போகும் வழி அறுந்திருக்க வேண்டும், குரலுக்கான வழி தப்பியிருக்க வேண்டும் என்பது அவர்கள் தந்த விளக்கம். எல்லிஸ், யங் என்ற இருவர் 1990-இலேயே இப்படி ஊகித்திருந்தார்கள்.

இதை வெறும் விந்தையான நோய்க்கதையாகச் சொல்லிக் கடந்துவிடக் கூடாது. ஒரு முகம் நமக்குரிய முகம் என்ற உறுதி கண்ணில் இல்லை. அதைக் காணும்போது நம் உடம்பில் எழும் ஓர் இளக்கத்தில் இருக்கிறது. அந்த இளக்கம் இல்லையென்றால், பெற்ற தாயின் முகம்கூட நன்றாக வரைந்த படம் மட்டுமே.

அந்த உணர்ச்சிப் பக்கத்தின் நடுவில் இருப்பது அமிக்டலா. பொட்டுக்கு உள்ளே இருபுறமும் பாதாம்பருப்பு வடிவில் இருக்கும் சிறு திரட்சி. உர்பாக்-வீதே என்னும் மிக அரிய பரம்பரை நோயால் இரண்டு அமிக்டலாவும் அழிந்துபோன ஒரு பெண், எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படுபவர், இந்தத் துறையின் போக்கையே மாற்றினார். அயோவாவில் ரால்ஃப் அடால்ஃப்ஸ், டேனியல் ட்ரானல், டமாசியோ தம்பதியர் 1994-இல் எழுதினார்கள்: இவரால் முகங்களை அடையாளம் காண முடிகிறது, மகிழ்ச்சியை அறிய முடிகிறது, அச்சம் தோய்ந்த முகத்தை மட்டும் அறிய முடியவில்லை. உடனே அமிக்டலா அச்சத்தின் இருப்பிடம் என்று பாடநூல்களும் பத்திரிகைகளும் எழுதின. பதினோரு ஆண்டு கழித்து அதே அடால்ஃப்ஸ் அதே பெண்ணின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார். அவர் எதிரே உள்ளவரின் கண்களைப் பார்ப்பதே இல்லை. அச்சம் பெரும்பாலும் தெரிவது விரிந்த கண்களில்தான். “கண்களைப் பாருங்கள்” என்று சொன்னார்கள். பார்த்தார், அச்சத்தை மற்றவர்களைப் போலவே சரியாகச் சொன்னார். சொல்வதை நிறுத்தியதும் பார்வை பழையபடி விலகியது, திறனும் போயிற்று.

எனக்கு இந்த ஆய்வு முழுத் துறையிலும் மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது. பிறர் உணர்ச்சியை அறியும் ஆற்றல் என்று நாம் நினைத்தது, பெரும்பங்கு கவனத்தை எங்கே வைப்பது என்ற வேலையாக இருந்திருக்கிறது. அமிக்டலா விடை சொல்லும் உறுப்பைவிட, “இங்கே பார், இது முக்கியம்” என்று தட்டிச் சொல்லும் உறுப்பு. 2004-இல் பால் வேலன் குழு கண் வெள்ளையின் பரப்பை மட்டும் 17 மில்லி விநாடி காட்டியபோதே அது தூண்டப்பட்டது. மகிழ்ந்த முகமும் புதிய முகமும்கூட அதைத் தூண்டுகின்றன. எஸ்.எம். போன்றவர்களுக்குக் கரியமில வாயு கலந்த காற்றைக் கொடுத்தபோது அவர்கள் பெரும் பீதியடைந்தார்கள் என்று 2013-இல் தெரிந்தது. அமிக்டலா இல்லாமலும் அச்சம் இருக்கிறது. மூளையில் ஓர் உணர்ச்சிக்கு ஓர் அறை என்ற படம் இனி நிற்காது.

அடுத்த பெரிய வழக்கு முகத்தைப் பற்றியது. எல்லா மக்களுக்கும் முகமொழி ஒன்றுதானா? டார்வின் 1867-இல் பதினாறு கேள்விகள் அச்சிட்டு உலகின் பல மூலைகளுக்கும் அனுப்பினார்; கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் ஜான் ஸ்காட் உட்படப் பலர் பதில் எழுதினார்கள். 1872-இல் வந்த அவரது நூல் ஒன்றுதான் என்ற பக்கம் சாய்ந்தது. நூறாண்டு கழித்துப் பால் எக்மன் நியூகினியின் ஃபோரே மக்களிடம் புகைப்படங்களோடு போய், மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம், அருவருப்பு, வியப்பு ஆறும் உலகப் பொது என்றார். 1978-இல் முகத்தசைகளின் ஒவ்வோர் அசைவுக்கும் எண் கொடுத்த அட்டவணையும் வந்தது. விமான நிலையப் பாதுகாப்பு முதல் அசைவூட்டப் படங்கள் வரை அது பரவியது.

எதிர்வாதம் மெல்ல எழுந்து இன்று வலுத்திருக்கிறது. 2016-இல் கார்லோஸ் கிரிவெல்லி குழு ட்ரோப்ரியண்ட் தீவுகளில் இளைஞர்களிடம், நாம் அச்சமுற்ற முகம் என்று சொல்லும் படத்தைக் காட்டியபோது அவர்கள் அதை மிரட்டும் முகம் என்று படித்தார்கள். 2012-இல் ஹில்லல் அவியேசர் டென்னிஸ் வீரர்களின் படங்களைக் காட்டினார். புள்ளி வென்ற கணம், தோற்ற கணம். முகம் மட்டும் கண்டவர்களுக்கு எது வெற்றி, எது தோல்வி என்று தெரியவில்லை. முகமில்லாத உடம்பை மட்டும் கண்டவர்கள் சரியாகச் சொன்னார்கள். லிசா ஃபெல்ட்மன் பாரட் உள்ளிட்ட ஐவர் 2019-இல் இருக்கும் ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்து, சினம் கொண்டவர் எப்போதும் முகம் சுளிப்பதில்லை, முகம் சுளிப்பவர் எல்லாம் சினம் கொண்டவரில்லை என்று முடித்தார்கள். இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. ஆனால் என் சாய்வு இரண்டாவது பக்கம். அதற்கு ஒரு காரணம் தமிழிலேயே இருக்கிறது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டைச் சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களம் வைத்து முப்பத்திரண்டாக விரிக்கிறது. கவனிக்கவேண்டியது, இந்த முப்பத்திரண்டும் தசை அசைவுகள் இல்லை. எதனால் அது பிறந்தது என்ற காரணங்கள். எக்மன் முகத்தைப் பிரித்து எண்ணினார். தொல்காப்பியர் சூழலைப் பிரித்து எண்ணினார். ஒரே நகை இகழ்ச்சியிலிருந்தும் வரும், குழந்தைத்தனத்திலிருந்தும் வரும்; எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அது என்ன நகை என்று சொல்ல வழியில்லை. திருக்குறளிலும் குறிப்பறிதல் என்ற தலைப்பு இரண்டு முறை வருகிறது. பொருட்பாலில் ஒன்று, அரசவையில் இருப்பவர்களுக்கு. இன்பத்துப்பாலில் ஒன்று, காதலர்களுக்கு. இரண்டுமே ஒருவரையொருவர் நாள்தோறும் பார்த்துப் பழகும் இடங்கள். வழிப்போக்கரின் முகத்தை ஒரே பார்வையில் அளந்துவிடும் வித்தையை அங்கே நான் காணவில்லை.

இந்திய முகங்களை வைத்து நடந்த ஆய்வுகள் குறைவு, ஆனால் சுவையானவை. அகல்யா ஹெஜ்மாடி, ரிச்சர்ட் டேவிட்சன், பால் ரோசின் மூவரும் 2000-இல் நாட்டிய சாஸ்திர மரபில் நடித்துக் காட்டிய பத்து உணர்ச்சிகளை இந்தியர்களிடமும் அமெரிக்கர்களிடமும் காட்டினார்கள். இரு சாராரும் ஊகத்துக்கு மிக மேலாகவே சரியாகச் சொன்னார்கள். ஆனால் ஒடிசாவில் நாக்கைக் கடித்துக்கொள்வதைப் படம் பிடித்துக் காட்டிய வேறோர் ஆய்வில், ஒடிசா மக்களுக்கு அது வெட்கம் என்று உடனே தெரிந்தது, அமெரிக்கர்களுக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. தமிழ்நாட்டில் எந்த அம்மாவும் பிள்ளையும் அதைக் கேட்காமலே சொல்லியிருப்பார்கள். கொல்கத்தாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றி 2013-இல் மறைந்த நளினி அம்பாடி, ஹிலரி எல்ஃபன்பைனுடன் சேர்ந்து 2002-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது கண்டதும் இதுவே. எல்லோரும் எல்லோரையும் ஓரளவு படிக்கிறார்கள். தம்மவரைச் சற்று நன்றாகப் படிக்கிறார்கள். இரு கூட்டமும் பழகப் பழக அந்த இடைவெளி சுருங்குகிறது.

இனி உணர்வு நுண்ணறிவு என்ற கருத்துக்கு வரலாம். பீட்டர் சலோவே, ஜான் மேயர் 1990-இல் அதை ஓர் ஆற்றலாக வரையறுத்தார்கள். பின்னர் அதை நான்காகப் பிரித்தார்கள்: உணர்ச்சியை அறிதல், சிந்தனைக்குப் பயன்படுத்தல், புரிதல், ஆளுதல். 1995-இல் டேனியல் கோல்மன் அதை உலகறிந்த நூலாக்கினார். அறிவுத்திறன் எண்ணைவிட இது முக்கியமாகலாம் என்ற அவரது வாதம் கல்லூரி வேலைவாய்ப்பு முகாம்களில் இன்று வேதவாக்கு. ஆய்வுகள் அவ்வளவு தூரம் போகவில்லை. பொறுமையோடு மனிதரைச் சந்திக்க வேண்டிய வேலைகளில் இதன் பயன் தெரிகிறது, மற்ற வேலைகளில் மங்குகிறது. பெரிதும் பயன்படும் சோதனை ஒன்றில், முகப்படத்தில் உள்ள உணர்ச்சிக்குச் சரியான விடை எது என்று தீர்மானிப்பது பெரும்பான்மையோர் விடை அல்லது 21 நிபுணர்களின் விடை. படத்தில் இருப்பவர் உண்மையில் என்ன உணர்ந்தார் என்று யாரும் கேட்கவில்லை. இந்தக் குறையைச் சிறியதென்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

முகம் படிக்கும் கூர்மை எப்போதும் நல்வாழ்வின் அடையாளமும் ஆகாது. சேத் பொல்லாக், பவன் சின்ஹா இருவரும் 2002-இல் மங்கலாகத் தொடங்கி மெல்லத் தெளிவாகும் முகப்படங்களைக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். வீட்டில் அடிவாங்கி வளர்ந்த பிள்ளைகள், சினத்தை மற்றவர்களைவிடக் குறைந்த தெளிவிலேயே கண்டுபிடித்தார்கள். குடித்துவிட்டு வாசலில் வந்து நிற்கும் அப்பாவின் முகத்தை ஒரே பார்வையில் அளக்கும் பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனை பேர்! சோதனை வைத்தால் அந்தப் பிள்ளை உயர்ந்த மதிப்பெண் பெறும். அந்த மதிப்பெண்ணைப் பெறுவதற்கு அது என்ன விலை கொடுத்தது என்பது விடைத்தாளில் வராது. சமூகப் படிநிலையில் கீழிருப்பவர்கள், மேலிருப்பவர்களைவிடப் பிறர் முகத்தைக் கூர்ந்து படிக்கிறார்கள் என்று 2010-இல் ஓர் ஆய்வு சொன்னது. அதன் மறுசோதனைகள் ஒரே மாதிரி முடியவில்லை என்றாலும், மூட்டைகளோடு மலையிறங்கி வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்குப் போகும் விவசாயி, மண்டிக்காரர் முகத்தைப் பார்ப்பதும், அவர் இவர் முகத்தைப் பார்க்காமல் சரக்கைப் பார்ப்பதும் அந்தத் திசையைத்தான் காட்டுகின்றன. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போது இரண்டு முகமும் எதையும் காட்டாமல் இருப்பதும் ஒரு பயிற்சி. முகம் வெளிப்படுத்துவதற்கு மட்டுமில்லை, மறைப்பதற்கும்தான் என்பதை ஆய்வகங்கள் போதுமான அளவு எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த மலைத்தொடரின் பழங்குடிகளான பளியர்களைப் பற்றிய மானிடவியல் ஆய்வுகள் இங்கே பெரிதும் உதவுகின்றன. பீட்டர் கார்ட்னர் 1960-களின் தொடக்கத்தில் தமிழக மலைகளில் பளியர்களோடு வாழ்ந்து எழுதினார். கிறிஸ்டர் நார்ஸ்ட்ரோம் பழனி மலைப் பளியர்களைப் பற்றி 2003-இல் எழுதினார். கார்ட்னர் காட்டும் சமூகத்தில் சிறியவர், பெரியவர், ஆண், பெண் யாருக்கும் மரியாதை குறையக்கூடாது. யாரையும் தரக்குறைவாக நடத்தக்கூடாது என்பதே முதல் விதி. சச்சரவு மூண்டால் ஒருவர் விலகிப் போய்விடுவார். தேவையானால் வேறு குடியிருப்புக்கே போய்விடுவார். அதற்குள் இன்னொருவர் தானாகவே இடையில் வந்து வேடிக்கையாகப் பேசியோ ஆறுதலாகப் பேசியோ சூட்டைத் தணிப்பார். சினத்தைத் தணிக்க நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் ஒரு பூவையும் அவர் குறிப்பிடுகிறார். இங்கே உணர்ச்சியை ஆளுதல் ஒரு தனிமனிதரின் மதிப்பெண்ணாக இல்லை. யார் முகம் மாறுகிறது என்று கூட்டமே கவனிக்கிறது, கூட்டமே எதிர்வினை செய்கிறது. வெளியிலிருந்து வருபவர் கண்ணுக்கோ அவர்கள் பேசாதவர்கள், கூச்சப்படுபவர்கள், பயந்தவர்கள். சண்டையைத் தவிர்ப்பதற்காக ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்த ஒழுங்கை, அதைப் பழகாத கண் குறைபாடாகப் படித்துவிட்டது.

பழகாத கண்ணின் தவறு மருத்துவத்திலும் உண்டு. மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்குப் பிறர் முகத்திலுள்ள உணர்ச்சியை அறிவது கடினமாகிறது என்று உலகெங்கும் தெரிந்தது. ஆனால் சோதனைப் படங்கள் பெரும்பாலும் வெள்ளையர் முகங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் வெங்கடசுப்ரமணியன், பெஹரே உள்ளிட்டோர் 2008-இல் இளையவர், முதியவர், ஆண், பெண் என இந்திய நடிகர்களை வைத்து, நின்ற படமும் ஓடும் படமும் கலந்த ஒரு சோதனையை உருவாக்கினார்கள். 2011-இல் யோகப் பயிற்சி பெற்ற நோயாளிகளிடம் இந்தத் திறன் மேம்பட்டதாகவும் காட்டினார்கள். சிறிய ஆய்வுதான், பெரிதாக உறுதிப்பட வேண்டும். ஆயினும் வீட்டில், “எவ்வளவு சொல்லியும் மூஞ்சியப் பாத்து நடந்துக்கத் தெரியலையே” என்று நொந்துகொள்ளும் குடும்பத்துக்கு, அது திமிரோ அலட்சியமோ இல்லை, நோயின் ஒரு பகுதி என்று சொல்லவாவது இது உதவும்.

இவ்வளவு சிக்கலான ஒன்றைக் கேமராவிடம் ஒப்படைக்கும் அவசரம்தான் எனக்கு இன்று அதிகக் கவலை தருகிறது. 2021 ஜனவரியில் லக்னோ காவல்துறை, பெண்கள் துன்புறும்போது அவர்கள் முகபாவத்தைக் கண்டறிந்து காவல் நிலையத்துக்குத் தகவல் தரும் கேமராக்களை வைக்கப்போவதாக அறிவித்தது. நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் கல்லூரித் தேர்வை நினைத்துக் கவலையோடு நடக்கும் பெண்ணையும், தொந்தரவு தாங்காமல் முகத்தை இறுக்கிக்கொண்டு எதையும் காட்டாமல் நடக்கும் பெண்ணையும் அது எப்படிப் பிரிக்கும்? 2018-இல் லாரன் ரூ, கூடைப்பந்து வீரர்களின் படங்களை இத்தகைய மென்பொருட்களுக்குக் கொடுத்தபோது கறுப்பின வீரர்களை அவை அதிகச் சினமுள்ளவர்களாகக் கணித்தன. மைக்ரோசாஃப்ட் 2022-இல் முகத்திலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் வசதியை விலக்கிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுச் சட்டம், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, பணியிடங்களிலும் பள்ளிகளிலும் இதைத் தடைசெய்கிறது. அந்தத் தடை 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கெனத் தனி விதி இல்லை. அது வரவேண்டும்.

முகம் படிக்கக் கற்றுக்கொள்ள முடியுமா என்பதில் நம்பிக்கையான செய்திகளே அதிகம். டெல்லியில் பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டம், பிறவிக் கண்புரையால் பார்வையின்றி வளர்ந்த ஏழைப் பிள்ளைகளுக்கு அறுவை செய்து பார்வை தந்தது. 2017-இல் வந்த அவர்களது ஆய்வின்படி, அறுவை முடிந்ததும் முகத்தையும் முகமல்லாததையும் பிரிக்கத் தடுமாறிய பிள்ளைகள் சில மாதங்களில் குறிப்பிடத்தக்க அளவு தேறினார்கள். பல ஆண்டு இருட்டுக்குப் பிறகும் மூளை முகத்துக்குக் கதவு திறக்கிறது. பள்ளிகளில் உணர்ச்சியைப் பற்றிப் பேசிப் பழக்கும் 213 திட்டங்களை, அவற்றில் பங்கேற்ற சுமார் இரண்டு லட்சத்து எழுபதாயிரம் மாணவர்களை, 2011-இல் ஜோசப் டர்லாக் குழு தொகுத்துப் பார்த்தபோது நடத்தையிலும் படிப்பிலும் முன்னேற்றம் தெரிந்தது. பிரிட்டனில் 2022-இல் முடிவுகள் வெளிவந்த பெரிய மனக்கவனப் பயிற்சி ஆய்வில் அப்படித் தெரியவில்லை. எதைக் கற்பிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. முகப்படங்களுக்குப் பெயர் சூட்டக் கற்பிப்பதைவிட, தான் என்ன உணர்கிறேன் என்று சொல்லவும், எதிரே இருப்பவரிடம் என்ன ஆயிற்று என்று கேட்கவும் பழக்குவதே பயன் தரும் என்பது என் கருத்து.

மேல்மலையில் இது நாள்தோறும் தேவைப்படும் திறன். டிசம்பர், ஜனவரி உறைபனியில் தலையும் காதும் வாயும் குல்லாவாலும் துண்டாலும் மூடியிருக்க, பாதி முகம்கூட வெளியே தெரியாது. சமவெளியிலிருந்து மாற்றலாகி வரும் செவிலியரோ ஆசிரியரோ, பெரியவர்கள் எதிரே நிமிர்ந்து பார்க்கக்கூடாது என்று வளர்ந்த ஒரு மலைப்பிள்ளையின் தாழ்ந்த கண்ணில் எதைப் படிப்பார்? பயத்தையா, மரியாதையையா, வலியையா? குழந்தைகளின் வலியை அறிய உலகெங்கும் பயன்படும் ஒரு படவரிசை இருக்கிறது. 1980-களில் அமெரிக்காவின் டல்சா நகரில் தீக்காயப் பிரிவுக் குழந்தைகளோடு பணிசெய்த டோனா வாங், கோனி பேக்கர் என்ற இருவர் உருவாக்கியது. சிரிக்கும் முகத்தில் தொடங்கிக் கண்ணீர் விடும் முகத்தில் முடியும் ஆறு முகங்கள், சுழியம் முதல் பத்து வரை எண்கள். பார்ப்பவர்கள் பலரும் அந்தப் படத்தைக் குழந்தையின் முகத்தோடு ஒப்பிட்டு மருத்துவப் பணியாளர் எண் போடுவார் என்று நினைக்கிறார்கள். அதை உருவாக்கியவர்கள் அப்படிச் செய்யவேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். உனக்கு எவ்வளவு வலிக்கிறது, இதில் எந்த முகம் என்று கேட்கவேண்டும். குழந்தைதான் விரல் வைத்துக் காட்டவேண்டும்.